அளந்தால் வளராது

வாழவந்தி நாட்டில் ஓர் ஊர்ப்புற நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பிறந்ததும் இந்த மலையில்தான், தேவனூர் நாடு; இங்கே சில சிற்றூர்கள் சேர்ந்தது ஒரு நாடு. படிக்கக் கீழே போனவன், வேலை கிடைத்து மறுபடி மேலே வந்தேன். நூலகத்துக்கு ஒரு நாளில் ஏழெட்டுப் பேர் வருவார்கள். மீதி நேரம் படிப்பேன், இல்லாவிட்டால் குறிப்பு எழுதுவேன். மழை எந்த நாளில் பிடித்தது, எந்த நாளில் விட்டது, மிளகுக் கொடியில் சரம் எப்போது இறங்கியது, காலைப் பேருந்து எந்தெந்த நாட்களில் மலையேறி வரவில்லை என்பதெல்லாம் கிழமையோடு என் நோட்டுகளில் இருக்கும். யாரும் கேட்டு எழுதுவதில்லை. எழுதாமல் விட்ட நாள் நடக்காமலே போன நாள் போலத் தோன்றும். அதனால் எழுதுகிறேன்.

அந்த நோட்டுகளில் ஒன்றில் மட்டும் தொடர்ந்தாற்போல் ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் காலியாக இருக்கின்றன. அது என் மகளின் நோட்டு.

மகள் பிறந்தது வைகாசியின் கடைசி ஞாயிறு, காலை ஆறு இருபதுக்கு. மறுநாளே அவளுக்கென்று ஒரு நோட்டு வாங்கி நான்கு பத்திகளாகக் கோடு போட்டேன்: நாள், எடை, நீளம், தலைச் சுற்றளவு. எங்கள் நூலகத்தில் குழந்தை வளர்ப்புப் பற்றிய பழைய புத்தகம் ஒன்று உண்டு. கடைசிப் பக்கத்தில் வளர்ச்சிக் கோடுகள் வரைந்த படம் இருக்கும். குழந்தையின் அளவு மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தால் கவலையில்லை என்று அர்த்தம். தலையை அளக்கும் முறையும் அதில் எழுதியிருந்தது. புருவத்துக்குச் சற்று மேலே தொடங்கி, பின்மண்டை எங்கே மிகவும் புடைத்திருக்கிறதோ அதன்மேல் டேப்பைச் சுற்ற வேண்டும். மூன்று முறை அளந்து, மூன்றில் பெரிய எண்ணையே எழுத வேண்டும்.

ஞாயிறுதோறும் அப்படியே செய்தேன். முதல் ஞாயிறு முப்பத்தாறு சென்டிமீட்டர். ஆறாவது ஞாயிறு முப்பத்தொன்பது புள்ளி எட்டு.

மனைவிக்கு இது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. அவள் திண்ணனூர் நாட்டில் சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். வளர்கிற எதையும் எண்ணவோ அளக்கவோ கூடாது என்பது அவர்கள் வீட்டில் சட்டம்.

"ஏனுங்க, பூசணிப் பிஞ்சக் கை நீட்டிக் காட்டுனாலே வெம்பிப்போகும்பாங்க. நீங்க என்னடான்னா புள்ளைய டேப்பு வெச்சு அளந்துக்கிட்டிருக்கறீங்க."

"பிஞ்சு வேற, புள்ள வேற."

"அளந்தா வளராதுங்க. எங்கண்ணனைப் பாருங்க. சின்னதுல எங்கய்யன் கதவு நெலவுல நிக்கவெச்சு ஆணியில கோடு கீச்சுனாராம். அங்கயே நின்னுபோச்சு."

அவளுடைய அண்ணன் உயரம் ஐந்தடிக்கும் குறைவு.

ஆறாவது ஞாயிறு நான் எண்ணை எழுதி முடித்ததும் அவள் டேப்பின்மேல் கையை வைத்தாள். "போதுங்க. வளரட்டும், வுடுங்க," என்றாள். விட்டுவிட்டேன். அடுத்த ஞாயிறு நோட்டில் நாளை மட்டும் எழுதி, மற்றப் பத்திகளைக் காலியாக விட்டேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே.

ஆடியும் ஆவணியும் அப்படிப் போயின. குழந்தை நன்றாகப் பால் குடித்தாள், தூங்கினாள். தலை பெரிதாக இருந்தது எல்லோர் கண்ணிலும் பட்டது. எல்லோருக்கும் அதில் சந்தோஷம். மனைவியின் அண்ணனான என் மச்சான் மரவள்ளி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்து பார்ப்பார்.

"மாப்ள, உங்க லைப்ரரி பூராவும் இந்தத் தலைக்குள்ள அடங்கும் போலிருக்குதுங்க. கலெக்டராத்தான் வரும் எங்கண்ணு."

பார்க்கும்போது அவள் கருவிழிகள் அடிக்கடி கீழே இறங்கி, மேலே வெள்ளை தெரியும். வெட்கப்படுகிறாள் என்று சொல்லிச் சிரித்தோம். பெண் குழந்தை அல்லவா.

புரட்டாசி முதல் புதன்கிழமை, மூன்றாவது தடுப்பூசி. அன்று வந்திருந்த நர்சம்மா குழந்தையை மடியில் வாங்கி, உச்சிக்குழியில் இரண்டு விரலை வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை. ஊசியைத் தட்டிலேயே வைத்துவிட்டுப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். நாற்பத்து நான்கு.

"முன்னாடி அளவு ஏதாச்சும் எழுதி வெச்சிருக்கறீங்களா?"

இந்த மலையில் அப்படிக் கேட்டால் நோட்டை நீட்டக்கூடிய ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நீட்டினேன். அவர் பக்கத்தைப் புரட்டினார். "ஆடி பொறந்ததோட நின்னுருச்சுங்களே?" என்றார். என் மனைவி குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். நர்சம்மா பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் முதல் பேருந்தில் இறங்கினோம். வளைவுகள் எழுபது. ஒவ்வொரு வளைவிலும் அவள் உள்ளங்கையைக் குழந்தையின் தலையோடு அணைத்துப் பிடித்துக்கொண்டாள், நிறைகுடத்தைத் தளும்பாமல் கொண்டுபோவது போல.

கீழே பெரிய மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். அறுவைச் சிகிச்சை மருத்துவர் நிதானமான அம்மாள். படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். மூளையின் நடுவே கறுப்பாக இரண்டு குளம்.

"எல்லார் மண்டைக்குள்ளயும் தண்ணி ஊறிக்கிட்டேதான் இருக்கும். அது இறங்கிப் போறதுக்கு ஒரு சின்ன வழி உண்டு. பாப்பாவுக்கு அந்த வழி அடைச்சிருக்கு. தண்ணி தேங்கித் தலை பெருசாகுது. மூளை ஓரத்துல நசுங்குது. ஒரு மெல்லிசான குழாயை உள்ள வெச்சு, தோலுக்கு அடியிலேயே கொண்டுபோய் வயித்துல விட்டுடுவோம்."

எங்களைப் பார்க்க அன்று வந்திருந்த மச்சான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "ஊத்துல இருந்து காட்டுக்கு ஓஸ் போடற மாதிரிங்களா டாக்டரம்மா?"

"அதேதான்."

"ஓஸ்ல தூசி அடைச்சுக்குமே?"

"அடைச்சா மாத்துவோம். அதுக்குத்தான் தலையை அளந்து பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றது."

மச்சான் அதற்கப்புறம் கவலைப்படவில்லை. ஓஸ் விஷயம் அவருக்குத் தெரியும். எனக்குத்தான் அது தெரிந்த பின்னும் கவலை தீரவில்லை; எந்த நோயைப் பற்றியும் ஒரு பக்கம் படித்தவனுக்கு அடுத்த பக்கத்தில் என்ன இருக்கும் என்பதுதான் பயம்.

அறுவைச் சிகிச்சை செவ்வாய்க்கிழமை என்று முடிவானது. திங்கட்கிழமை சாயங்காலம் குழந்தை தும்மினாள். செவ்வாய் காலை நெஞ்சில் சளி கரகரவென்று கேட்டது. மயக்கமருந்து கொடுக்கிற மருத்துவர் காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். நெஞ்சு தெளியாமல் மயக்கம் கொடுக்க முடியாது, அடுத்த வாரம் வியாழன் பார்க்கலாம் என்றார்கள். நடுவில் வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்காமல் மயங்கிக் கிடந்தாலோ உடனே சொல்ல வேண்டும். அப்படியானால் காத்திருக்காமல் ஊசியால் தண்ணீரை எடுத்துவிடுவார்கள். திங்களும் வியாழனும் காலையில் நர்சுகள் தலையை அளந்து குறித்துக்கொள்வார்கள்.

அப்படி எங்களுக்குக் கூடுதலாக ஒன்பது நாட்கள் வந்து சேர்ந்தன.

அன்று சாயங்காலம் மனைவி என்னிடம், "டேப்பு கொண்டாந்திருக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"பையில இருக்குது."

"அளங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"அளந்தா வளராதுன்னு நாந்தானுங்களே சொன்னேன்? அப்ப அளங்க. தெனமும் அளங்க. மூணு தடவ இல்லீங்க, முப்பது தடவ வேணும்னாலும் அளங்க. வளராம நிக்கட்டும்."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. குழந்தையைத் தொடையில் படுக்கவைத்து, அளக்க வாகாகத் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வார்டில் ஆண்களைக் காலை ஆறரையிலிருந்து ஏழரை வரையும், சாயங்காலம் ஒரு மணி நேரமும் உள்ளே விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானமும் உண்டு. மற்ற நேரம் நான் வராந்தாவில் சுவரோரம் பாய் போட்டிருந்தேன். ஆறரைக்குக் கதவு திறந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவேன், உள்ளே போவேன், அளப்பேன். புதன் நாற்பத்து நான்கு புள்ளி ஆறு. வியாழன் புள்ளி ஏழு. வெள்ளி புள்ளி எட்டு. எண்ணைக் கேட்டுவிட்டு அவள் "ம்" என்பாள். பிறகு குழந்தையின் உச்சியை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிடுவாள். வாங்கி வந்த இட்லி பொட்டலத்திலேயே ஆறிப்போகும். பால் குறைகிறது, நீங்கள் சாப்பிட வேண்டும் என்று நர்சுகள் சொல்லிப் பார்த்தார்கள்.

மற்றபடி அவை அமைதியான நாட்கள். வராந்தாவின் எதிரில் ஒரு வேப்பமரம் இருந்தது. காலை பத்து மணிக்கு அதன் நிழல் என் பாயிலிருந்து நகர்ந்து போகும். துணி அலசுகிற தொட்டியில் யார் எப்போது வருவார்கள் என்பது மூன்றாம் நாளிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழே மழையில்லை. மலைமேல் வெள்ளிக்கிழமை மாலை நல்ல மழை என்று மச்சான் போனில் சொன்னார், அதையும் எழுதிவைத்தேன்.

சனிக்கிழமை காலை முதல்முறை அளந்தபோது நாற்பத்தைந்து. இரண்டாம் முறை நாற்பத்து நான்கு புள்ளி ஒன்பது. மூன்றாம் முறை டேப்பைச் சற்று இழுத்துப் பிடித்தேன். தெரிந்தேதான் இழுத்தேன். குழந்தையின் மெல்லிய முடிக்குள் டேப்பு அழுந்தியது. நாற்பத்து நான்கு புள்ளி ஆறு.

அந்த எண்ணை எழுதினேன்.

மூன்றில் பெரியதை எழுத வேண்டும். நூலகப் பதிவேட்டில் பதினோரு வருடமாக ஒரு புத்தகத்தின் எண்ணைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. மனைவியின் முகத்துக்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று அன்று நினைத்துக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்த எண்ணைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது.

"எவ்வளவுங்க?"

"நாப்பத்து நாலு புள்ளி ஆறு."

"நேத்து எட்டுங்களே!"

"ஆமா."

"கொறையுதுங்க!" பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னாள். அன்று நான்கு இட்லி சாப்பிட்டாள். அண்ணனுக்குப் போன் போட்டாள். குழந்தையிடம் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை நாற்பத்தைந்து புள்ளி ஒன்று, நாற்பத்தைந்து, நாற்பத்து நான்கு புள்ளி ஐந்து. கடைசி எண்ணை எழுதினேன். முதல் நாள் இழுத்ததைவிட அன்று கொஞ்சம் அதிகம் இழுக்க வேண்டியிருந்தது.

மத்தியானம் மூன்று மணிக்கு மச்சான் வந்தார். கையில் இரண்டு வெறும் பைகள்.

"சாமானையெல்லாம் எடுத்து வையி புள்ள. நம்மூரு பிக்கப்பு மொளகு எறக்கிப்போட்டுக் கீழ நிக்குது. அஞ்சு மணிக்குக் கெளம்புதாம். முன்னாடி சீட்டு உங்களுக்குத்தான், சொல்லி வெச்சுட்டேன்."

"எங்க போறதுக்கு மச்சான்?" என்றேன்.

"ஊட்டுக்குத்தான். கொறையுதாமுல்ல?"

மனைவி அதற்குள் குழந்தையின் துணிகளை மடிக்கத் தொடங்கியிருந்தாள். ஒவ்வொரு துணியையும் முழங்காலில் வைத்து நீவி, நான்காக மடித்து அடுக்கினாள். முதல் நாளே பேசி முடித்திருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை; நான் ஒத்துக்கொள்வேன் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை, எண்ணை எழுதியவனே நான்தானே.

"டாக்டரம்மா வியாழக்கிழமைன்னு சொல்லியிருக்கறாங்க," என்றேன்.

"கொறையற தலைய எதுக்குங்க அறுக்கோணும்?" என்று கேட்டாள். குரலில் சண்டை இல்லை. "நாம அளந்தோம், நின்னுருச்சு. இனி தானா வத்திரும். எழுதிக் குடுத்துட்டுப் போலாம்ங்க."

பெற்றவர்கள் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மருத்துவமனை என்ன செய்ய முடியும்? மணி மூன்று இருபது.

இரண்டு பேரையும் வராந்தாவுக்கு வரச் சொன்னேன். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நோட்டைப் பிரித்துக் காட்டினேன்.

"இந்த ரெண்டு நாளும் தப்பு," என்றேன்.

"என்ன தப்பு?"

"கொறையல. நேத்து நாப்பத்தஞ்சு. இன்னிக்கு நாப்பத்தஞ்சு புள்ளி ஒண்ணு. நாந்தான் டேப்பை இழுத்துப் புடிச்சேன்."

அவளுக்குப் புரியவில்லை. மச்சானுக்கும் புரியவில்லை. "இழுத்தா எப்பிடி மாப்ள கொறையும்? தலை என்ன பஞ்சுத் தலகாணியா?"

அவரைப் பாயில் உட்காரவைத்து, அவர் தலையைச் சுற்றி டேப்பை வைத்தேன். ஐம்பத்தைந்து. அதே இடத்தில் இழுத்துப் பிடித்தேன். ஐம்பத்து நான்கு புள்ளி ஐந்து. இரண்டையும் அவரே டேப்பில் பார்த்தார். பெரிய மனிதர், காய்ந்த மண்டை. அவருக்கே அரை சென்டிமீட்டர் குறைந்தது.

"ஏனுங்க, எந்தலையும் கொறஞ்சு போச்சுங்களே," என்றார் மெதுவாக.

யாரும் சிரிக்கவில்லை. மனைவி குழந்தையின் தலையைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, டேப்பு அழுந்திய இடத்தைத் தேடுவது போல விரலால் தடவினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீங்களும் நம்புனீங்களா?"

அவள் கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இத்தனை புத்தகம் படித்த ஆளும் நம்மைப் போலத்தானா என்று கேட்பது போல இருந்தது. ஆமாம் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்ட வாய்க்கு அடுத்ததை மறைப்பது கஷ்டம்.

"இன்னொண்ணு இருக்குது. ஆறாவது ஞாயித்துக்கெழம நீ போதும்னு சொன்னியே?"

"ம்."

"அன்னிக்கே தலை அந்தப் படத்துல இருக்கற மேல்கோட்டைத் தாண்டிருச்சு. கொஞ்சந்தான். ஆனா தாண்டிருச்சு. நான் பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் நிறுத்துனீங்களா?"

"அடுத்த ஞாயிறு எவ்வளவு வருமோன்னு பயம். நீ வேண்டாம்னு சொன்னது எனக்குச் சௌகரியமாப் போச்சு."

வேப்பமரத்தில் காக்கை ஒன்று கரைந்துகொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பதினோரு நாட்களாக அந்த ஒன்பது ஞாயிறுகளையும் அவள் தனியாகச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நர்சம்மா நோட்டைப் புரட்டிக் கேட்ட நிமிடத்திலிருந்து, தான் அளக்க விடாததால்தான் குழந்தைக்கு இப்படி என்று நினைத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது. கேட்காமல் இருந்தேன்.

குழந்தையைத் தோளிலிருந்து மடிக்கு மாற்றிக்கொண்டு, "நான் அன்னிக்கு வேண்டாம்னு சொல்லாம இருந்திருந்தா?" என்றாள்.

"வேற ஏதாச்சும் காரணம் கண்டுபுடிச்சு நிறுத்தியிருப்பேன்."

அதைக் கேட்டு அவள் தலையை ஒருமுறை ஆட்டினாள். எழுந்து உள்ளே போய், மடித்து அடுக்கிய துணிகளைப் பையிலிருந்து எடுத்து மறுபடி கட்டிலின் கீழே வைத்தாள். மச்சான் படியிறங்கிப் போனார். அரைமணி கழித்து இரண்டு டீயோடு வந்தார்.

"வண்டியை அனுப்பிட்டேன். வியாழக்கிழம வரைக்கும் நானும் இங்கதான். மாப்ள, கொஞ்சம் நகந்து படுங்க, பாயி பத்தாது."

அன்று மாலை நோட்டை எடுத்தேன். நூலகப் பதிவேட்டில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது என்று விதி. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அடித்ததும் படிக்கத் தெரிய வேண்டும். இரண்டு வரிகளையும் அப்படியே செய்தேன். அவை இன்றும் படிக்கத் தெரிகின்றன. திங்கள் காலை நர்சு அளந்தது நாற்பத்தைந்து புள்ளி இரண்டு. என் எண்ணும் அதேதான். அவர் என் கையைப் பார்த்துவிட்டு, "சரியா அளக்கறீங்க சார்," என்றார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பத்து நாளில் அவள் சிரித்தது அது ஒருமுறைதான்.

புதன்கிழமை நெஞ்சு தெளிந்துவிட்டது என்றார்கள். சாயங்காலம் வலப்பக்கத்து முடியை எடுக்க ஆள் வந்தார். முதல் முடி தாய்மாமன் மடியில் இறங்க வேண்டும் என்று மச்சான் கேட்டதற்கு, "தாராளமா உக்காருங்க, எனக்கு ஆடாம இருந்தாச் சரி," என்றார். பாதித் தலை முடி மச்சானின் வேட்டியில் விழுந்தது. அவர் அதை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மீதிப் பாதியைக் கோயிலில் இறக்கிக்கொள்ளலாம், சாமி இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ளும் என்றார்.

வியாழன் காலை எட்டுப் பத்துக்குக் குழந்தையை வாங்கிக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் போடும்போது தேதி போடும் இடத்தில் என் கை ஒரு நொடி நின்றது. தேதி தெரியாமல் நின்றது வாழ்க்கையில் அந்த ஒருமுறை. மனைவி சொன்னாள், எழுதினேன்.

அறுவை அறைக்கு வெளியே மர பெஞ்சு. நாங்கள் மூன்று பேர். என் சட்டைப் பையிலிருந்த டேப்பை அவள் கேட்டு வாங்கினாள். சுருட்டினாள், பிரித்தாள். பெஞ்சின் அகலத்தை அளந்தாள். தன் மணிக்கட்டை அளந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணா, எந்திரிச்சு செவுத்தோரம் நில்லு," என்றாள்.

"எதுக்கு? நான்தான் அளந்து நின்னுபோன ஆளாச்சே."

"நில்லேன்."

நின்றார். அளந்தாள். நாலடி பதினொன்று.

"அய்யன் கீச்சுன கோடு எங்க வரும் உனக்கு?"

"புருவத்துக்கு நேரா வரும்."

"அப்ப அதுக்கப்பறமும் வளந்திருக்கற?"

"நாலு விரக்கடை வளந்தேன் புள்ள. நின்னுபோச்சு, நின்னுபோச்சுன்னு ஊரே சொல்லிட்டிருந்தா யாரு திரும்பப் போயிப் பாக்கறது? நானே பாக்கல, பொண்ணு பாக்கப் போறன்னிக்குத்தான் அந்தக் கதவுல நின்னு பாத்தேன்."

"அத ஏன் சொல்லல நீ?"

"சொன்னா, அப்ப ஏன்டா இவ்வளவுதான் இருக்கறேன்னு கேப்பீங்க. அய்யன் மேல பழியப் போட்டாத் தீந்துது."

அவள் டேப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்த்துக் குறிப்பு எதுவும் எழுதவில்லை; நோட்டு பையிலேயே இருந்தது.

பத்து மணிக்குச் சற்று முன்பின் இருக்கும், மருத்துவர் வெளியே வந்தார். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார்.

"தண்ணி நல்லா இறங்குது," என்றார். மச்சானைப் பார்த்து, "ஓஸ் வேலை செய்யுது," என்றார்.

மச்சான் கும்பிட்டார். மனைவி பெஞ்சைவிட்டு எழவில்லை. உள்ளங்கையைத் தன் தொடைமேல் மல்லாத்தி வைத்திருந்தாள், ஏதோ அதில் வைக்கப்படக் காத்திருப்பது போல. அரைமணியில் குழந்தையைக் காட்டக் கூப்பிட்டார்கள். தலை முழுக்கக் கட்டு. காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வழியாக மெல்லிய மேடு ஒன்று தோலுக்குள் போனது. கண்கள் மூடியிருந்தன. மாலையில் திறந்தபோது கருவிழிகள் நடுவில் இருந்தன. வெட்கம் போய்விட்டது.

கட்டுப் பிரிக்கும்வரை அளக்க முடியாது. ஏழு நாட்கள் நோட்டில் தலைப் பத்தி காலி. அந்த ஏழு வெற்றிடங்களைப் பற்றி எனக்கு உறுத்தல் இல்லை.

கட்டுப் பிரித்த காலையில் டேப்பை மனைவி என்னிடம் கொடுக்கவில்லை. தையல் பக்கம் படாமல் தானே சுற்றினாள். குழந்தையை முதல்முறையாக அளக்கிறாள். எண்களைப் படிக்க நேரம் எடுத்துக்கொண்டாள். நாற்பத்து நான்கு புள்ளி ஒன்பது. நாற்பத்து நான்கு புள்ளி ஏழு. நாற்பத்து நான்கு புள்ளி ஒன்பது.

"இழுக்கலீங்க," என்றாள். "ஒம்போதுன்னு எழுதுங்க. பெருசுதான எழுதோணும்?"

எழுதினேன்.

இதெல்லாம் நடந்து மூன்று வருடமாகிறது. குழாய் ஒருமுறை அடைத்தது, மாற்றினார்கள். அதைக் கண்டுபிடித்தது மனைவிதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரை சென்டிமீட்டரில். தலையை இப்போதும் அவளே அளக்கிறாள், எண்ணைச் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். ஊர்ப் பெண்கள் பார்த்துவிட்டு, அளந்தால் வளராதே என்பார்கள். தலை அளவோடு வளர்ந்தால் போதும் என்று பதில் சொல்லிவிடுவாள்.

நீளத்தை மட்டும் அளக்க விடுவதில்லை. மருத்துவமனையில் நிற்கவைத்து அளந்து எழுதினால் அவர்கள் சீட்டில் இருக்கட்டும், நம் நோட்டில் வேண்டாம் என்கிறாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. அந்தப் பத்தி மூன்று வருடமாகக் காலியாக இருக்கிறது. போன தீபாவளிக்குக் கணுக்கால்வரை தைத்த பாவாடை இப்போது நாலு விரக்கடை மேலேறி நிற்கிறது. நாலு விரக்கடை என்பது நான் கண்ணால் பார்த்துச் சொல்வது. டேப்பு வைத்துப் பார்க்கவில்லை.